பிஸ்தா பச்சை ஸ்லாப்

கடலோர ஊர் ஒன்றில் ஒரு குரு இருந்தார். காவி கிடையாது. தாடியும் கிடையாது, பெண் என்பதால். பெயர் ரொசாலின் மச்சாது. அந்த ஊர்க் கல்லூரியில் கான்கிரீட்டைப் பற்றிப் பாடம் நடத்தினார். அவசியமில்லாமல் பேச மாட்டார். அவசியம் வந்தாலும் ஒரு தடவை யோசித்துவிட்டுத்தான் பேசுவார்.

அவருக்கு ஒரு சீடர். குருவைவிட வயதில் ரொம்பப் பெரியவர். தாணுமாலயன் என்று பெயர். அரசாங்க இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர்.

ஓய்வு பெற்ற ஆண்பிள்ளை வீட்டில் உட்கார்ந்து, மளிகை டப்பாக்களை உயர வரிசையில் அடுக்க ஆரம்பித்தால், எந்த மனைவியும் அவரை எங்கேயாவது அனுப்பத்தான் பார்ப்பார். சிலர் கோயிலுக்கு அனுப்புவார்கள். சிலர் மகன் வீட்டுக்கு அனுப்புவார்கள். தாணுமாலயனின் மனைவி பிரம்மசக்தி அவரை டாக்டர் பட்டம் வாங்க அனுப்பினார்.

சீடரின் தோள்பையில் எப்போதும் ஒரு கரண்டி இருக்கும். சாம்பார்க் கரண்டி இல்லை, கொத்தனார் சுவர் பூசுகிற கரண்டி. சர்வீஸ் காலத்துப் பழக்கம். மேலதிகாரி பார்வையிட வருகிறார் என்றால், கார் வந்து நிற்பதற்குள் கட்டடத்தில் ஒரு விரிசல் கண்ணில் படக் கூடாது. பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து, வாசலில் இரண்டு பூத்தொட்டி வைத்துவிடுவார். பெயின்ட் காய்வதற்குள் பார்வை முடிந்துவிடும். அப்படியும் யாராவது விரிசலைக் காட்டிக் கேட்டால், “அது ஒண்ணுமில்லை, ஹேர்லைன்தான், மயிரிழை அளவு” என்பார். விரல் நுழைகிற விரிசலும் அவருக்கு ஹேர்லைன்தான்.

அந்த ஊர்க் காற்றில் உப்பு. கேட் துருப்பிடிக்கும், பீரோ துருப்பிடிக்கும், ஃப்ரிட்ஜின் கால் துருப்பிடிக்கும். புடவையில் குத்திய ஊக்கைக் கழற்ற மறந்தால் மறுநாள் புடவையில் பழுப்பு வட்டம். கான்கிரீட்டுக்கும் அதே கதிதான். சின்ன விரிசல் வழியாக உப்பு உள்ளே போகும். உள்ளே கம்பி துருப்பிடித்து வீங்கும். வீங்கின கம்பி கான்கிரீட்டைப் பிளந்து வெளியே தள்ளும்.

மீனவர்களின் ஏலக்கூடத்தில் அப்படித்தான் கூரையிலிருந்து ஒரு பாளம் பெயர்ந்து வாளை மீன் கூடையில் விழுந்தது. மீன்மேல் விழுந்ததால் பேச்சோடு போயிற்று.

அதைப் பார்த்துவிட்டு வந்த அன்று தாணுமாலயன் கேட்டார்.

“மேடம், விரிசலே விடாத கான்கிரீட் உண்டா?”

“உண்டு சார்.”

“எங்கே?”

“சிமெண்ட் கடையில. இன்னும் மூட்டையைப் பிரிக்கலை.”

சீடர் சிரித்தார். வீட்டுக்குப் போகிற வழியில் சிரிப்பை நிறுத்தினார்.

குரு செய்துகொண்டிருந்தது வேறு மாதிரி கான்கிரீட். கலக்கும்போதே அதில் ஒருவகை பாக்டீரியாவைத் தூங்கும் நிலையில் சேர்த்துவிடுவார். பக்கத்திலேயே அதற்குச் சாப்பாடும் வைத்துவிடுவார். விரிசல் விட்டால் தண்ணீர் உள்ளே இறங்கும். தண்ணீர் பட்டதும் பாக்டீரியா விழித்துக்கொள்ளும், சாப்பிடும், சுண்ணாம்பாகக் கக்கும். அந்தச் சுண்ணாம்பே விரிசலை உள்ளிருந்து அடைத்துவிடும்.

“அப்போ வெளியேயிருந்து யாரும் பூச வேண்டாம்,” என்றார் தாணுமாலயன். குரலில் வருத்தம் இருந்தது.

“வேண்டாம்.”

“ஒருவேளை பூசினா?”

“பூசாதீங்க.”

புது ஏலக்கூடத்தை இந்தக் கான்கிரீட்டில் கட்டலாமா என்று பார்ப்பதற்காக, குரு ஒரு ஸ்லாப் போட்டு, கடற்கரையில் இரண்டு கல்லின்மேல் தூக்கி வைத்தார். பிறகு ஜாக்கி கொடுத்து அழுத்தி, நடுவில் மேலிருந்து கீழ்வரை விரிசல் விட வைத்தார். டக்கென்று சத்தம் கேட்டதும் சீடர் கண்ணை மூடிக்கொண்டார்.

“நல்ல ஸ்லாப் மேடம். இதைப் போய்…”

“காலையிலயும் சாயங்காலமும் தண்ணி தெளிங்க. வேற எதுவும் செய்யாதீங்க.”

“வேற எதுவும்னா?”

“எதுவும்.”

சீடர் தெளித்தார். சில வாரங்கள் போயின. ஏலக்கூடக் கமிட்டி பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பியது.

கமிட்டித் தலைவி மிக்கேலம்மாள். கரையில் மீன் ஏலம் கூறுகிறவர். அவர் குரல் எடுத்தால் படகே கொஞ்சம் பின்வாங்கும். ஸ்லாப் அவருக்குப் பிடித்தால் புதுக் கூடம் குருவின் கான்கிரீட்டில் எழும்பும். பிடிக்காவிட்டால் பழைய கான்ட்ராக்டரே பழைய மாதிரியே கட்டுவார். கொஞ்ச வருடத்தில் இன்னொரு பாளம் விழும். அதுவும் மீன்மேலேயே விழும் என்று சொல்ல முடியாது.

கமிட்டி வருவதற்கு முந்தின நாள் குரு பரீட்சை வேலையாக மதுரை போயிருந்தார். சீடர் தனியாகத் தண்ணீர் தெளிக்கப் போனார்.

விரிசல் தொடங்குகிற ஓரத்திலும் முடிகிற ஓரத்திலும் வெள்ளை நூல் ஓட்டின மாதிரி சுண்ணாம்பு ஓடியிருந்தது. நடுவில் மட்டும் இன்னும் அடையவில்லை. கறுப்பாகத் தெரிந்தது.

நாளைக்குப் பார்வை. அந்த வார்த்தை மனதில் வந்ததும் அவர் கை தானாகத் தோள்பைக்குள் போயிற்று.

பட்டி வாங்கிவந்து, விரிசல்மேல் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை வழித்துப் பூசினார். சாம்பல் ஸ்லாப்பில் வெள்ளைப் பட்டி பளிச்சென்று தெரிந்தது. தெரிகிற பட்டி இருந்தென்ன, இல்லாமல் என்ன. வீட்டில் ஒரு டின் பெயின்ட் இருந்தது. பிரம்மசக்தி தன் சமையற்கட்டுக்கு என்று, கடையில் முழு மத்தியானம் உட்கார்ந்து, கடைக்காரரைப் பாடாய்ப் படுத்தி, கண்முன்னால் கலக்கச் சொல்லி வாங்கிய நிறம். பிஸ்தா பச்சை.

பாதி டின்தான் செலவாயிற்று. சீடர் பின்னால் நகர்ந்து நின்று பார்த்தார். ஏதோ குறைந்தது. பக்கத்து டீக்கடையில் இரண்டு குரோட்டன்ஸ் தொட்டி இரவல் வாங்கிவந்து இரண்டு பக்கமும் வைத்தார். இப்போது குறையில்லை.

அன்று சாயங்காலம் அவர் தோசை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சமையற்கட்டிலிருந்து குரல் வந்தது.

“ஏங்க, டின்னுல பாதிதான் இருக்கு.”

“கடையில கொறச்சுக் கொடுத்திருப்பான்.”

“மூடிய வேற தெறந்திருக்கு.”

“கலர் கலக்கும்போது தெறக்காம எப்படிக் கலக்குவான்?”

பிரம்மசக்தி டின்னும் கையுமாக வாசல்படிக்கு வந்து நின்றார்.

“என் கண்ணு முன்னாடிதான் கலக்குனான். அப்ப நெறைய இருந்துச்சே.”

“நுரையா இருந்திருக்கும்.”

“நுரையா? எனக்கே நுரையக் காட்டி ஏமாத்திட்டானா? விடியட்டும். அவன உண்டு இல்லன்னு ஆக்கிட்டு வாறேன்.”

“சின்ன விஷயத்துக்குப் போய் எதுக்கு…”

“பாதி டின்னு ஒங்களுக்குச் சின்ன விஷயமா?”

இதற்குமேல் பேசினால் வம்பு. அவர் இன்னொரு தோசை கேட்டார்.

மறுநாள் காலை குரு பஸ்ஸை விட்டு இறங்கி நேரே கடற்கரைக்கு வந்தார். அதற்கு முன்பே கமிட்டி வந்துவிட்டது. மிக்கேலம்மாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். சீடர் இஸ்திரி போட்ட சட்டையில் ஓரமாக நின்றார்.

வானம் சாம்பல், கடல் சாம்பல், மணலும் ஏறக்குறைய சாம்பல். நடுவில் பிஸ்தா பச்சையில் ஒரு ஸ்லாப். இரண்டு பக்கமும் குரோட்டன்ஸ்.

குரு ஸ்லாப்பைப் பார்த்தார். தொட்டிகளைப் பார்த்தார். சீடரைப் பார்க்கவில்லை.

“விரிசல் விடும், அப்புறம் அதுவா ஆறும்னு சொன்னீயளே மேடம்,” என்றார் மிக்கேலம்மாள். “விரிசல் எங்க?”

“இங்கேதான் இருந்துச்சு.”

“ஆறிட்டோ?”

“தெரியலை.”

“ஆறுனா பச்சையாத்தான் ஆறுமோ?”

கமிட்டியில் யாரோ சிரித்தார்கள்.

“அது பெயின்ட்மா,” என்றார் குரு.

“தெரியுது. எதுக்குப் பெயின்டுன்னுதான் கேக்கேன். நாங்க செவுளத் தூக்கிப் பாக்காம மீன் எடுக்கிறதில்ல. செவுளுக்குச் சாயம் பூசிக் கொண்டுவாறவனயும் பாத்திருக்கோம்.” கமிட்டியின் பக்கம் திரும்பினார். “கிருமியப் போட்டுக் கட்டுறதுன்னு சொன்னப்பவே எனக்கு ஒருமாதிரிதான் இருந்துச்சு.”

“தயிர்லயும் கிருமிதாம்மா இருக்கு.”

“தயிருக்கு யாரும் பெயின்ட் அடிக்கதில்ல.”

கமிட்டி முழுக்கத் தலையாட்டியது.

“பழைய கான்ட்ராக்டரயே வரச் சொல்லிருவோம்,” என்றார் மிக்கேலம்மாள். “அவன் எப்படி ஏமாத்துவான்னாவது நமக்குத் தெரியும். இந்த மேடம் புதுசு.”

கமிட்டி கிளம்பியது. மணலில் பத்தடிகூடப் போயிருக்காது.

தாணுமாலயன் குருவைப் பார்த்தார். குரு ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தார். இவர்தான் பூசினார் என்று கையைக் காட்டுவார், திட்டுவார், தான் தலையைக் குனிந்துகொள்ளலாம், விஷயம் முடிந்துவிடும். குரு கடலைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றார்.

சர்வீஸில் இருந்தபோது எதற்கும் ஒரு ஆள் கிடைக்கும். சிமெண்டு சரியில்லை, மழை சரியில்லை, முன்னால் இருந்த இன்ஜினியர் சரியில்லை. சீடர் அவசரமாகத் தேடிப் பார்த்தார். உப்புக்காற்று கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. ஆனால் எந்த ஊரிலும் காற்று பிஸ்தா பச்சையில் வீசுவதில்லை.

“ஒரு நிமிஷம்,” என்றார்.

மிக்கேலம்மாள் திரும்பினார்.

“மேடம் நேத்து ஊர்லயே இல்லை. பூசினது நான்.”

“நீங்க யாரு?”

“இவங்க ஸ்டூடண்ட்.”

மிக்கேலம்மாள் அவருடைய நரைத்த மீசையைப் பார்த்தார். குருவைப் பார்த்தார். மறுபடியும் மீசையைப் பார்த்தார்.

“எத்தனாங் கிளாஸ்?”

சீடர் அதைக் காதில் வாங்காத மாதிரி சொல்லிக்கொண்டே போனார். “ரெண்டு ஓரமும் ஆறியிருந்துச்சு. நடுவுல ஆறலை. நீங்க பாத்துருவீங்களேன்னு பட்டி பாத்தேன். பட்டி தெரிஞ்சுச்சு, பெயின்ட் அடிச்சேன்.”

“தொட்டி?”

“அதுவும் நான்தான்.”



“எங்க பழைய கூடத்துல கம்பி வெளிய தொங்குது,” என்றார் மிக்கேலம்மாள். “கட்டுனவனக் கூப்பிட்டுக் கேட்டோம். காத்தச் சொன்னான். கடலச் சொன்னான். கடைசியா எங்க மீன் கழுவுன தண்ணியச் சொன்னான். நான்தான்னு ஒரு வார்த்த அவன் வாயில வரல.” திரும்பி நடந்து ஸ்லாப் பக்கத்தில் வந்து நின்றார். “உரிச்சுக் காட்டுங்க.”

குரு அன்று காலையில் முதல் தடவையாகச் சீடரைப் பார்த்துப் பேசினார்.

“கரண்டி வச்சிருக்கீங்கல்ல?”

வாழ்நாள் முழுக்கப் பூசின கரண்டியால் தாணுமாலயன் அன்றைக்குச் சுரண்டினார். பட்டி மேலோடுதான் ஒட்டியிருந்தது. பச்சையும் வெள்ளையுமாகச் செதில் செதிலாகப் பெயர்ந்து வந்தது. மீன் ஆய்கிற மாதிரி இருக்கிறது என்று ஒரு கமிட்டிக்காரர் சொன்னார். யாரும் தாணுமாலயனைத் தடுக்கவில்லை, யாரும் உதவி செய்யவுமில்லை.

விரிசல் வெளியே வந்தது. இரண்டு ஓரமும் வெள்ளை. நடுவில் கறுப்பு.

குரு பாட்டில் தண்ணீரை அதன்மேல் ஊற்றினார். மிக்கேலம்மாள் குனிந்து ஸ்லாப்புக்கு அடியில் கையை நீட்டினார். ஓரங்களில் ஒன்றுமில்லை. நடுவில் உள்ளங்கை நனைந்தது.

“ஒழுகுதே.”

“ஒழுகும். அங்கே இன்னும் வேலை முடியலை. மேலே மூடிட்டா தண்ணி இறங்காது. தண்ணி இறங்கலைன்னா அதுங்க தூங்கிடும்.”

“எப்ப முடியும்?”

“நாளைக்குன்னு சொன்னா பொய்.”

மிக்கேலம்மாள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு யோசித்தார்.

“தவக்காலம் முடிஞ்சு ஈஸ்டர் கழியட்டும். வந்து பாக்கோம். அதுவரைக்கும் கான்ட்ராக்டருட்ட பேசல.” தாணுமாலயனைக் கண்ணால் காட்டினார். “இவர இது பக்கத்துல விடாதீய.”

“இவர்தான் தண்ணி தெளிக்கணும்,” என்றார் குரு.

அந்த நேரம் பார்த்துத்தான் பிரம்மசக்தி வந்தார். ஒரு கையில் டிபன் கேரியர். மறுகையில் புத்தம்புது பெயின்ட் டின். முகத்தில் அப்படி ஒரு வெற்றி.

“ஏங்க, விட்டேனா நான்? கடையில நின்ன அத்தன பேரும் திரும்பிப் பாக்க, நல்லாக் கேட்டுட்டேன். நுரையா காட்டுத, என் வீட்டுக்காரரு இன்ஜினியரு, அவருக்குத் தெரியாதான்னு கேட்டேன். அந்த மனுசன் சத்தியம் பண்ணிப் பாத்தாரு, நான் விடல. கடைசில கையெடுத்துக் கும்பிட்டு இன்னொரு டின்னே…”

ஸ்லாப் கண்ணில் பட்டது. சுரண்டினது போக முக்கால்வாசி இன்னும் பச்சையாகத்தான் இருந்தது.

பிரம்மசக்தி ஸ்லாப்பைப் பார்த்தார். கையிலிருந்த டின்னைப் பார்த்தார். வேறொருத்தியாக இருந்தால் அங்கேயே கத்தியிருப்பாள். பிரம்மசக்தி அன்றைய கத்தலையெல்லாம் தப்பான இடத்தில் செலவழித்துவிட்டு வந்திருந்தார். டிபன் கேரியரை மணலில் வைத்தார். டின்னைக் கணவரின் காலுக்குப் பக்கத்தில் வைத்தார். திரும்பி நடந்தார்.

“சக்தி, அது வந்து… ஒரு ஹேர்லைன்…”

அவர் நிற்கவில்லை.

மிக்கேலம்மாள் அந்த முதுகு ரோட்டைத் தாண்டிப் போகிறவரை பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதுக்கு எத்தன மாசம் ஆகும் மேடம்?” என்று கேட்டார்.

குரு டிபன் கேரியரை மணலிலிருந்து எடுத்துச் சீடரின் கையில் கொடுத்தார்.

தாணுமாலயன் தினமும் போய்த் தண்ணீர் தெளித்தார். தொட்டிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மிச்சப் பச்சையையும் சுரண்டிவிட்டார். ஒருநாள் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. ஒரு வாரத்தில் புள்ளி கோடாயிற்று. கோடு இன்னும் கொஞ்சம் வேகமாகப் போனால் தேவலை என்று அவருக்கு இருந்தது. லேசாக ஒரு கை கொடுக்கலாமே என்று கை பைக்குள் போகும். அங்கே குரு இருந்தால் தொண்டையைக் கனைப்பார். இல்லாத நாளில் அவரே கனைத்துக்கொள்வார்.

ஈஸ்டர் முடிந்து கமிட்டி வந்தது. இந்தத் தடவை மிக்கேலம்மாள் தண்ணீரைத் தானே கொண்டுவந்திருந்தார். குடத்தோடு கவிழ்த்தார். அடியில் கையை வைத்துக்கொண்டு குனிந்தே நின்றார். இடுப்பு வலிக்கிறவரை நின்றார். பிறகு கையை எடுத்து எல்லோருக்கும் காட்டினார்.

“காஞ்சுதான் இருக்கு.”

விரிசல் இருந்த இடத்தில் நகத்தால் கீறிப் பார்த்தார். நகம்தான் தேய்ந்தது.

“தழும்பு தெரியுதே மேடம்.”

“தெரியும்.”

“தெரியட்டும். கூடத்த இதுலயே கட்டிருங்க.” போகும்போது திரும்பிப் பார்த்துச் சொன்னார். “பச்சை மட்டும் வேண்டாம்.”

கமிட்டி போன பிறகு குரு கல்லின்மேல் உட்கார்ந்து செருப்பிலிருந்து மணலைத் தட்டினார். சீடர் சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், தண்ணீர் தெளிக்கிற குவளையைக் காலியாகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“என்ன சார்?”

“வீட்டுல இன்னும் பேச மாட்டேங்கிறா மேடம்.”

“சாப்பாடு?”

“வருது. ருசியாத்தான் இருக்கு. அதான் பயமா இருக்கு.”

“நீங்க என்ன செஞ்சீங்க?”

“செய்யாதது ஒண்ணுமில்லை. அல்வா வாங்கிட்டுப் போனேன். பட்டுப்புடவை எடுத்துக் கொடுத்தேன். பையைப் பிரிக்கவே இல்லை. சமையற்கட்டு முழுக்க நானே பெயின்ட் அடிச்சேன்.”

“என்ன கலர்?”

“பிஸ்தா பச்சைதான். அவளுக்குப் பிடிக்குமேன்னு.”

“எந்த டின் சார்?”

தாணுமாலயன் குவளைக்குள் பார்த்தார். அதில் ஒன்றுமில்லை.

“கடைக்காரர் கொடுத்த டின்,” என்றார்.

ஒரு படகு கரைக்கு வந்தது. ஆட்கள் இறங்கிக் கயிற்றை இழுத்தார்கள். பழைய ஏலக்கூடத்துப் பக்கமிருந்து மிக்கேலம்மாளின் குரல் கேட்க ஆரம்பித்தது.

“அந்தக் கடைக்காரர்ட்ட போனீங்களா?”

“அது ஒண்ணுமில்லை மேடம், சின்ன விஷயம். ஒரு ஹேர்…”

அவரே நிறுத்திக்கொண்டார். காது இரண்டும் சிவந்திருந்தன. கொஞ்சம் பொறுத்து, கான்கிரீட்டைப் பற்றிக் கேட்கிற குரலிலேயே கேட்டார்.

“எப்ப ஆறும் மேடம்?”

குரு செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தார். கையை நீட்டினார்.

“பெயின்ட் கடை ராத்திரி எட்டு மணிவரைக்கும் திறந்திருக்கும் சார். கரண்டியை இங்கே வச்சிட்டுப் போங்க.”